நாற்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரி

தவறு என்னுடையது.
கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேல் என் ஜெராக்ஸ் கடையில்
அன்று மூன்று முறை கரண்ட் போனது.
புத்தகம் கொடுத்தவர் வேளாண்மை அலுவலர்.
மாற்றல் உத்தரவு சட்டைப்பையில்,
கீழே ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
ஐந்து பிரதி. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நாற்பத்தேழில் மட்டும் ஒரு விரற்கடை நகர்ந்து
கடைசி வரி கண்ணாடிக்கு வெளியே விழுந்துவிட்டது.

நாற்பத்தெட்டு இப்படித் தொடங்குகிறது:
அல்ல.

எது அல்ல?

சொல்லையும் உண்மையையும் பற்றிய புத்தகம்.
வியாழக்கிழமைகளில்
கட்டபெட்டு சாலை, இலை எடை போடும் கொட்டகை,
காலிச் சாக்குகளை மடித்துப் போட்டு உட்கார்ந்து
தராசுக்கு மேல் எரியும் ஒற்றை பல்பில்
ஆறு வாரமாக அந்த வரியைத்தான் படிக்கிறோம்,
இல்லாத வரியை.

எஸ்தர் டீச்சர் பென்சிலால் எழுதிப் பார்த்தார்:
உண்மை என்பது சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தம்
அல்ல.
"இதச் சொல்ல ஒரு ஆளு புத்தகம் எழுதுவானா?"
போஜன் அழித்துவிட்டு அவருடையதை எழுதினார்:
எல்லாரும் ஒத்துக்கொண்டதெல்லாம் உண்மை
அல்ல.
ரப்பர் தூளை ஊதிவிட்டு
தாள் அடுத்த கைக்குப் போகும்.
யாராவது உண்மை, வாய்மை, மெய் என்று ஆரம்பித்தால்
ஐந்து ரூபாய் அபராதம், டீக்காசில் சேரும்.
நான் இதுவரை பதினைந்து கட்டியிருக்கிறேன்.

புஷ்பலீலா பகலில் இங்கேதான் எடை எழுதுகிறாள்.
மூன்றாம் வாரம் கேட்டாள்:
"மூட்டை பதினெட்டு கிலோ. முள்ளு பொய் சொல்லாது.
நான் பதினாறுன்னு எழுதுறேன்,
ஈரத்துக்கு ரெண்டு கழிச்சு.
மழையில்லாத நாள்லயும் ரெண்டு.
பறிச்சவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
கையெழுத்துப் போடுறவருக்கும் தெரியும்.
மூணு பேருக்கும் தெரிஞ்சது நோட்டுல இல்ல.
நோட்டுல இருக்கறதுதான் சம்பளம்.
உங்க புத்தகத்துல ஈரக்கழிவுக்கு என்ன பேரு?"

தேடினோம்.
பொருளடக்கத்தில் இல்லை.
அன்று டீ ஆறிப்போனது.

பேக்கரி உம்மர் அதிகம் பேசமாட்டார்.
வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துவிட்டு,
"நீங்க எல்லாத்துக்கும் இல்லதான் சொல்றீங்க.
இது ரொட்டி இல்ல. கடையில ரொட்டி இல்ல.
ரெண்டுக்கும் அதே இல்ல.
எங்க வீட்டுப் பேச்சுல முதலாவது அல்ல, ரெண்டாவது இல்ல.
சின்னப் பிள்ளைகூட மாத்திச் சொல்லாது.
நீங்கதான் அல்லவைப் புத்தகத்துக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க."

வாயில் வைத்துப் பார்த்தோம்.
போஜன் இரண்டு முறை சொன்னார்.
டீச்சர் உதட்டை மட்டும் அசைத்தார்.
வர்க்கித் தூள் ஒட்டிய என் வாயில்
அது மேடைப்பேச்சாக வந்தது.

போன மாதம் ராமநாதபுரத்திலிருந்து அலுவலர் போன் செய்தார்.
வெயிலைச் சொன்னார், தண்ணீரின் உப்பைச் சொன்னார்.
"படிச்சு முடிச்சாச்சா?"
புத்தகம் அவருக்குக் கையெட்டும் அலமாரியில்.
நாற்பத்தேழைப் புரட்டுங்கள் என்று சொல்ல
ஒரு மூச்சு போதும்.
நான் இங்கே பெய்யும் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன்.
மற்ற நால்வருக்கும் இது தெரியாது.
சொல்லாமல் விட்டது பொய்யாகுமா என்பது
எண்பதாம் பக்கத்தில் வருகிறது.
அங்கே போய்ச் சேர எங்களுக்கு நாளாகும்.

நேற்று கலைந்தபோது எட்டரை.
மஞ்சு இறங்கி எதிர்ச்சரிவுத் தேயிலையை எடுத்துக்கொண்டது,
பிறகு ரோட்டை, பிறகு கொட்டகைப் படியை.
வளைவுக்கு அப்பால் மஞ்சளாக இரண்டு வெளிச்சம்.
முன்னால் ஓடிய புஷ்பலீலா
நிறுத்தத்திலிருந்து கத்தினாள்:
"பஸ் இல்ல!"

வருவது பஸ் அல்ல என்றாளா,
இனி பஸ்ஸே இல்லை என்றாளா.

நாங்கள் நால்வரும் அப்படியே நின்றோம்.
உம்மர்தான் முதலில் சிரித்தார்.
வெளிச்சம் இன்னும்
வளைவு திரும்பவில்லை.